நாவலா, மகிழமா

எங்கள் வீட்டில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருந்தது. அந்த இடத்தை அப்பா தோட்டம் என்று சொல்வார். பெங்களூரில், எங்கள் பொம்மனஹள்ளியில் வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நிற்கிற அளவுக்கு மண் தரை விட்டிருந்தால் அது தோட்டம்தான். சுற்றியிருந்தவர்கள் அந்த அளவு மண்ணைக்கூட விடாமல் சிமெண்ட் பூசியிருந்ததால் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அம்மா படுத்திருக்கும் அறையின் ஜன்னல் அந்த மண்ணைப் பார்த்தபடி, மேற்கு நோக்கி இருந்தது.

அம்மாவுக்குப் புற்றுநோய். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. "அவளுக்கு உடம்பு" என்பார்கள், வந்தவர்கள் உடனே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எனக்கு அப்போது ஏழெட்டு வயது, தம்பி இன்னும் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கவில்லை. மருந்து ஏற்றத் தொடங்கியதிலிருந்து அம்மாவால் வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானம் தாண்டினால் வெயில் நேராகக் கட்டிலில் ஏறிவிடும். திரை போடுகிறேன் என்றால் வேண்டாம் என்பாள். தெருவைப் பார்க்காமல் இருட்டில் படுத்திருக்கப் பயமாக இருக்கிறது என்று அவள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அதனால் ஜன்னலுக்கு நிழலாக ஒரு மரம் வைப்பது என்று முடிவாயிற்று.

அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். எதிர்வீட்டு வாசலில் ஒரு பூமரம், வருஷா வருஷம் இலையையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நிற்கும். அதைக் காட்டி, "அந்த மாதிரி மொட்டையா நிக்கிற மரம் வேணாங்க. எப்பவும் இலை இருக்கணும்," என்றாள். அம்மாவின் தலையில் அப்போது முடி இல்லை, துண்டு கட்டியிருப்பாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் "சரி சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பாவின் கன்னடத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து கார்மெண்ட் ஃபாக்டரியில் துணி வெட்டும் வேலையில் சேர்ந்தவர். அங்கே கூட வேலை செய்தவர்களில் பாதிப்பேர் தமிழர்கள். மீதிப் பாதிப்பேரிடம் கையாலும் தலையாலும் பேசி ஒப்பேற்றிவந்தார். கன்னடத்தில் 'நெரளு' என்றால் நிழல், 'நேரளே' என்றால் நாவல். அப்பாவின் வாயில் இரண்டும் ஒன்றுதான். ஓசூர் ரோட்டு நர்சரியில் போய் நின்று, நல்ல நிழல் மரமாகக் கொடு என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு அவர் எதையோ கேட்க, நர்சரிக்காரர் நல்ல நாவல் கன்றாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டார். இலை கொட்டாதல்லவா என்று சாடையில் விசாரித்தாராம், அவரும் கொட்டாது என்று தலையாட்டினாராம்.

அதே சமயம் மாமாவும் ஒரு கன்றோடு வந்து இறங்கினார். மாமா என்பது அம்மாவின் தம்பி, அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது அவர்தான். அவர் கொண்டுவந்தது மகிழம். அப்பாவின் கன்றைப் பார்த்ததும், "என்ன மாமா, நெரளு கேட்டா நேரளே குடுத்துட்டானா?" என்று ஆரம்பித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததில் அப்பாவுக்குத் தன் தவறு மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதே பேச்சுதான். நாவல் பழம் தரும், மகிழம் என்ன தரும் என்பார் அப்பா. மகிழம் குடை பிடித்தது போல அடக்கமாக நிற்கும், பூ காய்ந்தாலும் வாசனை போகாது, அறை முழுக்க மணக்கும் என்பார் மாமா. நாவல் வேர் சுவரைத் தள்ளிவிடும், பழம் விழுந்து வாசல் முழுக்க ஊதாவாகும் என்பார். ஊதாவானால் ஆகட்டும், கழுவிக்கொள்ளலாம் என்பார் அப்பா. குழி வெட்டி ஆயிற்று, இரண்டு கன்றுகளும் கறுப்புப் பையில் குழிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தன. நானும் தம்பியும் இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றினோம்.

அடுத்த முறை மாமா அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தபோது வீட்டுக்குள் வரவில்லை. அம்மாவைக் கட்டிலில் விட்டுவிட்டு, கேட்டருகே அப்பாவோடு நின்று வெகுநேரம் பேசினார். அப்பா ஒரு கையால் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு இரண்டு பேரும் குழியருகே வந்தார்கள். மரச் சண்டை மறுபடி தொடங்கியது. ஆனால் கட்சி மாறியிருந்தது.

"நாவலே வெச்சிடலாம் மாமா," என்றார் மாமா. "ரெண்டு மழை பெஞ்சா சரசரன்னு ஏறிடும். மகிழம் வருஷக்கணக்கா அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும்," என்றார் அப்பா. "மகிழம்தான் வைக்கணும்."

"அக்காவுக்கு நிழல் இப்ப வேணும் மாமா. சீக்கிரம் வளர்றத வைங்க."

"ஏன் சீக்கிரம்? அவளுக்கு என்ன அவசரம்னு கேக்கறேன்! மெதுவா வளரட்டும். பூக்கறதுக்கு பத்து வருஷம் ஆனா ஆவட்டும். உக்காந்து மோந்து பாப்பா!"

அப்பா நாவல் கன்றைப் பையோடு தூக்கி கேட்டுக்கு வெளியே வைத்தார். மாமா போய் அதை உள்ளே தூக்கிவந்தார். அப்பா மறுபடி வெளியே வைத்தார். தான் வாங்கிவந்த கன்றைத் தானே விரட்டுகிறாரே என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெரியவர்களுக்கு ஒரு பிடிவாதம் வந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும் போலிருக்கிறது என்று தம்பியிடம் விளக்கம் வேறு சொன்னேன்.

"நாவலே வைங்க," என்று ஜன்னலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் கேட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். "நிழலுக்கில்ல. புள்ளைங்க பழம் தின்னும்."

"நீ தின்ன மாட்டியா?" என்றார் அப்பா.

அம்மா தலைத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அப்பா இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதாக எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஜன்னலுக்கு ஓடிப்போய், "நாங்க எல்லாரும் தின்னுவோம்மா!" என்றேன்.

நான் சொல்ல நினைத்தது 'நாம எல்லாரும்'. தெருவில் நாள் முழுக்கக் கன்னடத்தில் பேசி விளையாடும் எங்களுக்கு இந்த வித்தியாசம் பிடிபட்டதே இல்லை. கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் 'நாவு' ஒன்றுதான். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டாலும் அதுதான், விட்டுவிட்டாலும் அதுதான். எனக்குத் தமிழிலும் அப்படியே, எதற்கெடுத்தாலும் 'நாங்க'. "நாங்க கடைக்குப் போலாமாம்மா" என்று நான் கையைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம், "என்னை விட்டுட்டா போவீங்க? நாமன்னு சொல்லுடி" என்று அம்மா தலையில் குட்டுவாள். அவள் திருத்தித் திருத்தி அலுத்துப்போன பிழை அது.

அப்பா என்னை அறைந்தார். அதற்கு முன்பு அவர் என்னை அடித்ததே இல்லை. கன்னம் எரிந்தது, எதற்கு அடி என்றுதான் தெரியவில்லை.

"குழந்தைய எதுக்கு அடிக்கிறீங்க?" என்றாள் அம்மா. ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள். கை சில்லென்று இருந்தது. "அவ இன்னைக்குத்தான் சரியா சொல்லியிருக்கா."

அப்பா வெளியே போய் நாவல் கன்றை எடுத்துவந்தார். பையைக் கிழித்து, குழியில் இறக்கி, காலால் மிதிக்காமல் கையாலேயே மண்ணைத் தள்ளி மூடினார். அந்தக் கன்று அம்மா இருந்தவரை ஜன்னலின் கீழ்க்கட்டையைக்கூட எட்டவில்லை. மாமா சொன்ன வேகமெல்லாம் அவளுக்குப் போதவில்லை. அவள் போன பிறகுதான் அது மாடியைத் தாண்டி வளர்ந்தது. பழம் விழுந்து வண்டி சீட்டெல்லாம் கறையாகிறது என்று பக்கத்து வீட்டில் இப்போதும் சண்டை வருகிறது. அப்பா இன்றுவரை அதில் ஒரு பழத்தை வாயில் போட்டதில்லை. நானும் தம்பியும்தான் தின்றோம்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? வலி ஒரு நிமிடத்தில் மறந்துவிட்டது. எத்தனை நாளாக வாங்கிய குட்டு! முதல் தடவையாக அம்மாவே, அப்பா எதிரில், என் தமிழ் சரி என்று சொல்லிவிட்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மாமா குழாயடியில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, மண்ணே படாத கையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, நான் சரியா பேசறேன்னு அம்மா சொல்லிட்டாங்க," என்றேன். அவர் திரும்பவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, குழாயை மூடிவிட்டு இன்னும் சத்தமாகச் சொன்னேன்.