மைக் பிடித்தவனின் முதல் யூனிட்

பதினோரு வருடமாக நான் ஏற்காட்டில் அடுத்தவர்களின் ரத்தத்தைத் தானம் செய்துகொண்டிருந்தேன். எனக்கு மைக்செட் கடை. கல்யாணம், காதுகுத்து, சேர்வராயன் கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது நான்தான். வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூட ஹாலில் ரத்ததான முகாம் நடக்கும். அதற்கும் நான்தான். முதல் வருடம் பேச வேண்டிய ஆள் வராமல் போனதால், மைக்கின் சொந்தக்காரனே பேசட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னிடமிருந்து யாராலும் மைக்கை வாங்க முடியவில்லை.

நன்றாகப் பேசுவேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? "பயப்படாம வாங்க! எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்! காலையில நல்லா சாப்புட்டுட்டு வாங்க! குடுத்துட்டு ஜூஸ் குடிச்சுட்டு ஊட்டுக்கு நடந்தே போலாம்!" எஸ்டேட் ஆட்கள், ஜீப் டிரைவர்கள், மளிகைக்கடை பாய்மார்கள் எல்லோரும் என் குரலை நம்பிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலில் படுத்தார்கள். நான் ஒரு தடவைகூடப் படுத்ததில்லை.

காரணம் வேறொன்றுமில்லை, பயம். முதல் முகாமிலேயே அந்த ஊசியின் தடிமனைப் பார்த்துத் தொலைத்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. மைக் ஸ்டாண்டை இறுக்கிப் பிடித்துச் சமாளித்தேன். நான் உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

"நீங்க குடுக்கலீங்களா?" என்று யாராவது கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும். "நான் போன வாரந்தான் சேலத்துல குடுத்தேனுங்க. மூணு மாசம் ஆவாம மறுபடி குடுக்கப்படாது." பொய்யில் ஒரு விதிமுறையைச் சேர்த்துவிட்டால் ஜனங்கள் மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "என்னுது ஓ நெகட்டிவ். கெடைக்கறதே கஷ்டம். அதான் சேலத்துக்காரங்க கூப்புட்டு வாங்கிக்கறாங்க" என்று மைக்கிலேயே அளந்துவிட்டேன். அதில் குரூப் மட்டும்தான் உண்மை.

போன வருட முகாம் முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை ஏழு மணிக்கு போன் வந்தது. கிளியூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிற ஒரு தம்பி. அதற்கு முந்தின வருடம் என் பேச்சைக் கேட்டு முதல் தடவையாக ரத்தம் கொடுத்தவர். பிரசவத்துக்காக மனைவியைச் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, நஞ்சுக்கொடி கீழ எறங்கிக் கெடக்குதாமுங்க. நாளைக்குக் காலையில ஆபரேசன். ரத்தம் நொம்பப் போகுமாமா. ஓ நெகட்டிவ் ரெண்டு யூனிட்டு கையில இருந்தாத்தான் ஆவும்னு டாக்டரம்மா சொல்லிப்புட்டாங்க. ஒண்ணு கெடச்சிருச்சு. இன்னொண்ணு எங்க தேடியும் இல்லீங்க."

அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். ஆனால் அவர் அதைக் கேட்கவில்லை.

"உங்களுதும் அந்தக் குரூப்புதானுங்க. ஆனா நீங்க குடுத்து ரெண்டு வாரந்தானுங்களே ஆச்சு, உங்களக் கேக்கப்படாது. வேற யாராச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்கண்ணா. உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"விசாரிக்கறேன் கண்ணு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நிம்மதியாக இருந்தது, மறைக்க மாட்டேன். நான் சொன்ன பொய்யே முன்னால் போய் நின்று என்னைக் காப்பாற்றிவிட்டதே! ஆனால் அந்த நிம்மதி ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்கூட இருக்கவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். நான் ஒரு சொட்டுக்கூடக் கொடுத்ததில்லை என்று இந்த மலையில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"யாரை விசாரிக்கப் போறீங்க? உங்க ஒடம்புல என்ன ஓடுது, காப்பித்தண்ணியா?"

"நான் இப்பத்தான் குடுத்தேன்னு ஊரெல்லாம்..."

"அங்க ஒருத்தி வவுத்துப் புள்ளையோட உசுரக் கையில புடிச்சுட்டுக் கெடக்கறா. உங்க மானத்த வச்சா ஆபரேசன் பண்ணுவாங்க? கெளம்புங்க மொதல்ல."

கிளம்பினேன். வெறும் வயிற்றோடுதான் பஸ் ஏறினேன். சேலம் இறங்குகிற நாளில் நாங்கள் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொட மாட்டோம். இருபது கொண்டை ஊசி வளைவு. சாப்பிட்டதெல்லாம் ஜன்னல் வழியாகப் போய்விடும். முகாம் மலைமேலேயே நடக்கிறது, அதனால் "நல்லா சாப்புட்டுட்டு வாங்க" என்று நான் கத்துவதற்கும் இந்தப் பழக்கத்துக்கும் அதுவரை மோதல் வந்ததில்லை.

பஸ்ஸில் போகும்போதே மானத்தைக் காப்பாற்ற வழி கண்டுபிடித்துவிட்டேன். உண்மையைச் சொல்லவே வேண்டாம். 'விதியாவது ஒண்ணாவது, உனக்காகக் குடுக்கறேன்' என்று சொன்னால் போதும். ரத்தமும் கொடுத்த மாதிரி, தியாகி என்ற பேரும் வாங்கின மாதிரி. என்ன புத்தி பாருங்கள்.

ரத்த வங்கி வாசலில் என்னைப் பார்த்ததும் தம்பி பதறிவிட்டார். "ஐயோ, நீங்க எதுக்குங்கண்ணா வந்தீங்க?"

"இருக்கட்டும் கண்ணு. விதியப் பாத்துட்டு இருந்தா ஆவுமா?" என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் திருப்தியோடு படிவத்தை வாங்கி நிரப்பினேன். 'இதற்கு முன் ரத்ததானம் செய்தது உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி, அவர் பார்க்காதபடி உள்ளங்கையால் மறைத்து நர்ஸிடம் நீட்டினேன். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், அந்த மனிதர் மட்டும் கொஞ்சம் சுயநலக்காரராக இருந்திருந்தால்.

"சிஸ்டர், ஒரு நிமிசமுங்க. இவரு ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் ரத்தம் குடுத்தாரு. எனக்காவ அத மறைக்கறாரு. இவருக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாமுங்க."

நர்ஸ் பேனாவை மூடினார். "மூணு மாசம் ஆகலைன்னா எடுக்க முடியாதுங்க. வேற ஆளைப் பாருங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். முகத்தில் ஒரு வார தாடி, தூக்கமில்லாத கண். மனைவிக்கு வேண்டிய ரத்தம் பக்கத்திலேயே நிற்கிறது. என் உடம்புக்கு ஆகாது என்று அதை வேண்டாம் என்கிறார். தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"நான் இதுவரைக்கும் ரத்தமே குடுத்ததில்லீங்க" என்றேன். மைக் இல்லாமலே அந்த வராந்தா முழுக்கக் கேட்டது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சொன்னதெல்லாம் பொய்யுங்க. எனக்கு ஊசின்னா பயம்."

தம்பியின் குரல் உடைந்தது. "பாருங்க சிஸ்டர், எனக்காவ என்னென்ன சொல்றாருன்னு! பதினோரு வருசமாக் குடுக்கறவருங்க. ஊருக்கே தெரியும்."

ஊருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? நாலு ஸ்பீக்கர் கட்டியல்லவா சொல்லியிருந்தேன்! பொய் சொன்னபோது கைதட்டினார்கள், உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை.

நர்ஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பஸ்ல வாந்தி வரும்னு..."

"ரத்தம் குடுத்துப் பழகுனவங்க யாராவது வெறும் வயித்துல வருவாங்களா?" என்றவர், என் இரண்டு முழங்கை மடிப்பையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்தின ஒரு புள்ளிகூட இல்லை. பிறகு விரலில் குத்திப் பார்க்கிற சின்ன ஊசியை எடுத்தார். அவ்வளவுதான், எனக்கு வியர்த்துக் கொட்டியது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். தம்பிதான் என் படிவத்தாலேயே எனக்கு விசிறினார்.

"முதல் தடவைதான்" என்று நர்ஸ் முடிவாகச் சொன்னார். "போய்ச் சாப்பிட்டுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. டாக்டர் பார்த்துட்டுச் சொல்லுவாரு."

கான்டீனில் தம்பி எனக்கு இட்லி வாங்கி வைத்து எதிரே உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "இன்னும் ரெண்டு வச்சுக்குங்கண்ணா" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

டாக்டர் பிரஷர் பார்த்துச் சரி என்றார். விரலில் குத்தி ரத்த அளவைப் பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், மஞ்சள் காமாலை வந்ததா, பச்சை குத்தினீர்களா, நேற்றுக் குடித்தீர்களா என்று கேட்டார்கள். பிறகு கட்டில். முதல் தடவை கொடுக்கப் போகிறவர்களுக்கு இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது எறும்பு இல்லை, குளவி. ஆனால் கொட்டுகிற அந்த ஒரு நொடிதான். அதற்குமேல் கையில் கொடுத்த பந்தை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதற்காகவா பதினோரு வருடம் பயந்து செத்தேன் என்று அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜூஸ் கொடுத்து, கொஞ்ச நேரம் எழுந்திருக்காதீர்கள் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் போன். "பொண்ணு பொறந்திருக்குதுங்கண்ணா. ரெண்டு யூனிட்டும் ஏத்துனாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." நான் தேம்பி அழுதேன். "போதும் போதும், ஒடம்புல மிச்சமிருக்கற தண்ணியும் போயிரப் போவுது" என்றாள் என் மனைவி. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஊர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். டீக்கடையில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் இதுதான் என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு மாதம் போயிற்று, ஆறு மாதம் போயிற்று. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்த வருட முகாமில் வழக்கம்போல மைக்கைப் பிடித்து "பயப்படாம வாங்க" என்று ஆரம்பித்தேன். அடுத்து 'எறும்பு' என்று சொல்ல வாய் வரவில்லை. மைக்கை அணைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்க் காலியாக இருந்த கட்டிலில் படுத்தேன். கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

யாரோ வந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தம்பிதான். மடியில் குழந்தை. ஊசிக்கு நீட்டாத என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, யார் காதிலும் விழாதபடி குனிந்து சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."