மாமாவின் தலையில் பாணி ஊற்றிய நாள்

என் தாய்மாமாவுக்கு ஓர்க்னித் தீவில் வேலை கிடைத்தபோது, லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருத் தமிழர்கள் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, அங்கே தமிழாக்கள் இருக்கினமோ என்பதுதான். மாமா கொஞ்சம் யோசிப்பதுபோலப் பாவனை செய்துவிட்டு, "இனி இருப்பினம், நான் போறனல்லோ" என்று சொல்வார். மருந்தாளர் படிப்பை முடித்துவிட்டு லண்டனில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர், லண்டன் அலுத்துப்போய்த்தான் அங்கே போனார். அம்மா இதை ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நல்ல சம்பளமாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

ஸ்கொட்லாந்தின் வடக்கு முனையில் நிலம் முடிந்த பிறகு, கடலுக்கு அப்பால் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அப்பா வரைபடத்தில் தேடியபோது, தாளில் இடம் போதாமல் அந்தத் தீவுகளை மூலையில் தனியாக ஒரு பெட்டி கட்டி அதற்குள் போட்டிருந்தார்கள். வானிலை அறிவிப்பில் அந்த இடத்தில் எப்போதும் காற்று வீசும் அடையாளம் இருக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு உடனே மாமாவுக்குப் போன் எடுத்து, தொப்பி போட்டிருக்கிறாயா என்று கேட்பார்.

அம்மாவைவிட மாமா பதினொரு வயது இளையவர். தலைவாரி, சோறு தீத்தி, பிறகு கொழும்பிலிருந்து கையைப் பிடித்து விமானம் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அம்மாதான். ஆகவே, மூன்று வருடம் கழித்து மாமா போன் எடுத்து, அந்தத் தீவில் மாடு வளர்க்கும் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்யப்போவதாகச் சொன்னபோது, அம்மா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் பயத்தம் பணியாரத்துக்குப் பயறு வறுக்கத் தொடங்கினார். சம்மதம் கிடைத்துவிட்டது என்று அந்த வாசனையில் எங்களுக்குத் தெரிந்தது.

அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடித்துப்போனதற்குக் காரணம் சரித்திரம். நூலகத்தில் எடுத்துவந்த ஒரு புத்தகத்தில் அவர் அதைக் கண்டுபிடித்தார். அந்தத் தீவுகள் ஒரு காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கத்து நோர்வே அரசருக்குச் சொந்தமாக இருந்தனவாம். ஸ்கொட்லாந்து அரசருக்கு மகளைக் கட்டிக்கொடுத்தபோது சீதனத்துக்குக் காசு இல்லாமல், தீவுகளை ஈடு வைத்தாராம். காசு கடைசிவரை வரவில்லை, தீவுகள் மாப்பிள்ளை வீட்டோடு நின்றுவிட்டன. அப்பா புத்தகத்தை மூடிவிட்டு, "சீதனத்துக்குத் தீவை ஈடு வைச்ச சனம். எங்கடை ஆக்கள்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பும் வரவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஏழு பேர் இருக்கக்கூடிய எங்கள் காரில் மூன்று பேரும், மீதி இடத்தில் ஒரு அரிசி மூட்டையும் குத்துவிளக்கும் பணியார வாளிகளுமாகப் புறப்பட்டோம். கல்யாணத்துக்கு முதல்நாள் மாப்பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைக்க வேண்டும் என்பதால், அம்மா அறுகம்புல்லை ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் பயணம் முழுக்க மடியிலேயே வைத்திருந்தார். கப்பலில் நான் வாந்தி எடுத்தேன். கப்பல் கரை சேர்ந்து கார் வெளியே வந்ததும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல். மரம் என்று சொல்ல ஒன்று இல்லை. "புல்லைத் தவிர ஒண்டும் இல்லாத தீவுக்கு லண்டனிலையிருந்து புல்லுக் கொண்டுவந்த ஆள் நீராத்தான் இருப்பீர்" என்று அப்பா சொன்னார். அம்மா துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினார்.

எனக்கு அந்தத் தீவை உடனே பிடித்துவிட்டது. வேலிக்குக்கூட மரம் இல்லாததால் தட்டையான கற்பலகைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். கூரையும் கல். எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் கடல் வந்துவிடும், கடலில் இரண்டு மூன்று கடல்நாய்கள் தலையை நீட்டி எங்களைப் பார்க்கும். மாமா எங்களை ஒரு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மணலுக்குள் புதைந்து கிடந்து வெளிப்பட்ட ஒரு ஆதிகாலத்து ஊர் அங்கே இருந்தது. எகிப்தியப் பிரமிட்டுகளுக்கும் முந்தியது என்றார். வீட்டுக்குள் கல்லால் கட்டில், கல்லால் அலுமாரி. அம்மா அந்த அலுமாரியின் தட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டு, எங்கள் குட்மேய்ஸ் குசினியில் இருப்பதைவிட இது உறுதி என்று தீர்ப்புச் சொன்னார். அன்றுதான் மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. அதுவரை அக்காவுக்கு இந்த ஊர் பிடிக்குமா என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை, மாமியாகப் போகிறவரின் தம்பி, செந்தாடி வைத்த பெரிய உருவம், கன்றுக்குட்டி காட்டுகிறேன் என்று என்னைத் தொழுவத்துக்குக் கூட்டிப்போய் ஒரு ரகசியம் சொன்னார். அந்தத் தீவில் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் அவரைப் பிடித்துக் கட்டி, சீனிப்பாகு போலப் பிசுபிசுக்கும் கரும்பாணியும் மாவும் கரியும் கோழி இறகும் தலையில் கொட்டி, திறந்த லொறியில் ஏற்றி, சட்டி பானைகளைத் தட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுவார்களாம். பெண்ணுக்கும் உண்டு. மாமியைப் போன கிழமையே அவருடைய தோழிகள் ஒரு கை பார்த்துவிட்டார்கள். டொக்டரானாலும் பொலிஸ்காரரானாலும் இதிலிருந்து தப்பியவர் கிடையாது. மாமாவும் இது வரும் என்று தெரிந்து, இரண்டு கிழமையாகக் காரில் ஏறுமுன் பின் ஆசனத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு திரிந்தாராம். ஆனால் அக்கா தங்கியிருக்கும் வீட்டில் அவர் கவனமாக இருக்கமாட்டார்.

என் வேலை சுலபமானது. பதினொரு மணிக்கு, கன்றுக்குட்டி ஒன்று வெளியே வந்துவிட்டது என்று சொல்லி மாமாவை வாசல் கேற்றடிக்குக் கூட்டிவர வேண்டும். கூலியாக லொறியில் ஓர் இடம், ஒரு சட்டி மூடி, ஒரு மரக்கரண்டி. எல்லாம் பேசி முடித்த பிறகு அந்த மனிதர் நின்று, உன் அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அம்மாவுக்குத் தெரிந்தால் நடக்கவே விடமாட்டார், பால் வைக்கப்போகிற தலையில் பாணியா என்று கேட்பார், என் இடமும் போய்விடும். அந்தப் பொய்யைச் சொன்னபோது எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கவில்லை.

பதினொரு மணிக்கு அப்பா வெங்காயம் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அம்மா குசினியில் மாக் குழைத்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட, மாமா தேத்தண்ணிக் கோப்பையோடு அப்பாவியாக வெளியே வந்தார். கல்வேலிக்குப் பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர் பாய்ந்தார்கள். எல்லோரும் நீல நிற வேலை உடுப்பு, முகமெல்லாம் கரி. அதே நேரம் வளைவிலிருந்து லொறி இரைந்துகொண்டு வந்து கேற்றை மறித்து நின்றது, அதற்குள் நின்றவர்கள் தகரத்தில் அடிஅடியென்று அடித்தார்கள். இரண்டு பேர் மாமாவின் கைகளையும் இரண்டு பேர் கால்களையும் பிடித்துத் தூக்கினார்கள். என்னைக் கறுப்பாக்க ஏன் வீணாகக் கரியைச் செலவழிக்கிறீர்கள் என்று மாமா ஆங்கிலத்தில் கத்தியதும் அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மணிக்கட்டுகளைக் கயிற்றால் சுற்றி, லொறியில் தூக்கிப்போட்டு, ஒரு வாளிப் பாணியைத் தலையில் கவிழ்த்தார்கள். நான் என் மூடியை வாங்கிக்கொண்டு முதல் ஆளாக ஏறி நின்றுகொண்டேன்.

அப்போதுதான் அம்மா வந்தார்.

திட்டு விழப்போகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் குரல் குட்மேய்ஸில் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அன்றைக்கு அவர் ஒரு சத்தமும் போடவில்லை. மாக் கையோடு, ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்றுபோக, ஓடிவந்து லொறியின் பின்பலகையைப் பிடித்து ஏறப் பார்த்தார். சேலையோடு அந்த உயரத்தில் கால் எட்டவில்லை. திரும்பவும் ஏறப் பார்த்தார். அதைக் கண்ட செந்தாடிக்காரர், மாப்பிள்ளையின் அக்காவும் கூட வருகிறார் என்று அறிவித்துவிட்டு, கையைக் கொடுத்துத் தூக்கினார். எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அம்மா ஒருவரையும் பார்க்காமல் போய், பாணியும் இறகுமாகக் கிடந்த மாமாவின் பக்கத்தில் இருந்து, கட்டியிருந்த அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, இது விளையாட்டு. இவை என்ரை சிநேகிதர்" என்றார்.

"ஓம், தெரியும்."

"அப்ப இறங்குங்கோவன்."

"நீ இறங்கேக்கை நானும் இறங்கிறன்."

அம்மாவுக்கு ஒரு அண்ணனும் இருந்தார். அவரைப் பற்றி வீட்டில் பேச்சு வருவதில்லை, இறந்துபோனார் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் இருபத்தைந்தாவது வயதில், குட்மேய்ஸ் வீட்டில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நான் கேளாமலே அம்மா அதைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் பகலில் ஒரு லொறி வந்து நின்றது. கையைக் கட்டி அண்ணனை ஏற்றினார்கள். "தகரத்திலை ரெண்டு தட்டுத் தட்டினவங்கள், லொறி வெளிக்கிட்டிட்டுது. நான் வாசல் படலையடியிலை நிண்டனான்" என்றார். வந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் லொறியில் வந்தவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். பெரிய மாமா திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். அம்மா ஒரு சட்டையை இரண்டு தரம் மடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த லொறி நாளுக்காக அம்மா என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்பது வயதில், லொறியில், எனக்கு அம்மாவை நினைக்க ஒரே பெருமை. என் சிநேகிதிகளின் அம்மா யாராவது இப்படி ஏறுவார்களா? லொறி கல்வேலிகளைத் தாண்டி, மாடுகள் தலை நிமிர்ந்து பார்க்க, நகரத்துக்குள் நுழைந்தது. சிவப்புக் கல்லில் கட்டிய பழைய பெரிய தேவாலயத்தைச் சுற்றி வந்தோம். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். மாமாவிடம் மருந்து வாங்கும் கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். மாமாவும் மெல்ல மெல்லப் பழையபடி சிரிக்கத் தொடங்கினார். அம்மாவின் கையிலும் சேலையிலும் பாணி வழிந்து, தலையில் இரண்டு கோழி இறகுகள்கூட ஒட்டியிருந்தன. அவர் மட்டும் சிரிக்கவில்லை, தட்டவுமில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. செந்தாடிக்காரரிடம் இன்னொரு மூடி வாங்கி அம்மாவிடம் நீட்டினேன்.

"அம்மா, மாமாவின்ரை கையை விடுங்கோ. எல்லாரும் தட்டுகினம், நீங்களும் தட்டுங்கோ."

"நீ தட்டு பிள்ளை. நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன்."

லொறி வளைவுகளில் ஆடியதால், மாமா விழுந்துவிடுவார் என்று பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பாவம், அம்மாவுக்கு விளையாடத் தெரியவில்லை. அவருடைய பங்கையும் நானே செய்துவிடுவோம் என்று இரண்டு மூடிகளையும் இரண்டு கைகளில் எடுத்து, அவருடைய காதுக்குப் பக்கத்தில் நின்று, ஊரெல்லாம் கேட்கும்படி அடித்தேன்.