மரம் பார்க்கப் போன சனிக்கிழமை

நடீன் பர்விஸுக்குச் சின்ன வயதில் கிறிஸ்துமஸ் என்றால் பள்ளி நூலகம்தான். வகுப்பில் விழா தொடங்கும்போது டீச்சர் அவளை மட்டும் மெதுவாகக் கூப்பிட்டு நூலகத்துக்கு அனுப்பி வைப்பார். அங்கே திமிங்கலங்களைப் பற்றி ஒரு பெரிய படப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் அதே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் பாடுவது கேட்கும். இப்படி ஏழெட்டு வருடம் கேட்டதில் எல்லாப் பாட்டுக்கும் மெட்டு அவளுக்கு மனப்பாடம். வார்த்தைதான் ஒன்றும் தெரியாது. அந்தச் சுவர் அவ்வளவு கெட்டியானது.

வடக்கு ஃபுளோரிடாவில், லைவ் ஓக் பக்கம், நாற்பது குடும்பங்கள் சேர்ந்து நடத்திய சின்னச் சபை அவர்களுடையது. வேதத்தில் சொல்லாத பண்டிகை எதையும் கொண்டாட மாட்டார்கள். பிறந்தநாள்கூடக் கிடையாது. அதற்காக அவள் அழுது வளர்ந்தவள் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் பாசத்துக்கும் குறைவில்லை, சாப்பாட்டுக்கும் குறைவில்லை. இருபத்திரண்டு வயதில் ஏ.சி. மெக்கானிக் ரோலண்டைக் கல்யாணம் செய்துகொண்டு தெற்கே செயின்ட் கிளவுடுக்கு வந்தாள். பள்ளி பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. சபையோடு அவளுக்குச் சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிறு போகவில்லை, அடுத்த ஞாயிறும் போகவில்லை, அப்படியே விட்டுப் போயிற்று. அம்மா வெர்னா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சனிக்கிழமை தோறும் மூன்று மணிக்குத் தவறாமல் போன் செய்தார்.

சபையை விட்டாலும் பண்டிகை அவள் வீட்டுக்குள் வரவில்லை. ரோலண்டுக்கு அதில் பெரிய நாட்டம் இல்லை. டிசம்பரில் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்து சோபாவில் கால் நீட்டினால் அவனுக்குப் போதும். மூத்தவன் ஆஸ்கருக்கும் சின்னவள் பெட்ஸிக்கும் பொம்மை வாங்கிக் கொடுப்பார்கள், கடைப் பையோடு அப்படியே.

ஆஸ்கர் ஒன்றாம் வகுப்புக்குப் போன வருடம், பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். உங்கள் வீட்டு மரத்தின் உச்சியில் என்ன வைப்பீர்கள் என்று வகுப்பில் கேட்டாராம். ஒருத்தன் நட்சத்திரம் என்றான், ஒருத்தி தேவதை என்றாள். ஆஸ்கர் எழுந்து, “எங்க வீட்ல மரமே கிடையாது. அம்மாவுக்குப் பயம்” என்றானாம்.

நடீனும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தாள். தான் ஓட்டும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பயம் என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆறு வயதுப் பிள்ளை எங்கிருந்து கண்டுபிடித்தது?

அந்த வாரமே கடைக்குப் போனாள். தரையிலிருந்து கூரை வரை அலங்காரச் சாமான்கள். விளக்கு என்றால் வெள்ளையா, மஞ்சளா, மினுக்குவதா, மினுக்காததா? உருண்டை எத்தனை வேண்டும்? எது முதலில், எது பிறகு? அரைமணி நேரம் நின்றுவிட்டு, டார்ச்சுக்கு நாலு பேட்டரி வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பஸ் டிப்போவில் கூட வேலை செய்யும் மிக்தாலியாவிடம் மட்டும் இதைச் சொன்னாள். மிக்தாலியா போர்ட்டோ ரிக்கோக்காரி. மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். அவள் பேசினால் டீசல் இஞ்சின் சத்தம் அமுங்கிப் போகும்.

“அடி பைத்தியமே, இதுக்கா கடையில போய் நின்ன? பக்கத்துல அவ்வளவு பெரிய தீம் பார்க் இருக்கே, அந்தப் பார்க் ஓட்டலுங்களுக்குக் கூட்டிட்டுப் போ. பார்க்குக்குள்ள போனாதான் டிக்கெட்டு. ஓட்டலச் சுத்திப் பாக்க ஒரு பைசா கிடையாது. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ரயில்ல போ, படகுல போ, அதுவும் சும்மாதான். நாங்க வருஷா வருஷம் அதான் செய்வோம்.”

“வாசல்ல கேப்பாங்களே?”

“சாப்பிட வந்தோம்னு சொல்லு.”

“பொய் சொல்லணுமா?”

“சொல்லிட்டுச் சாப்பிடு. அப்ப உண்மையாயிடும்ல!”

டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை. ரோலண்டுக்கு வேலை இருந்தது. திராட்சை, பிஸ்கட், மாற்று உடுப்பு, ஈரத்துணி எல்லாம் பையில் அடைத்து, பிள்ளைகளைப் பின் சீட்டில் கட்டி, நடீன் காரை எடுத்தாள். பருவம் குளிர்காலம், ஆனால் வெயில் கழுத்தைச் சுட்டது. ஏரிக்கரையில் இருந்த வெள்ளை ஓட்டலின் வாசலில் காவலர் காரை நிறுத்தினார். தொப்பியில் ஒரு சின்னச் சிவப்பு ரிப்பன் குத்தியிருந்தார்.

“பேர் சொல்லுங்க மேடம்.”

“எங்களுக்கு இங்க ரூம் இல்ல சார். மரம் பாக்கத்தான் வந்தோம். ஆனா கண்டிப்பா ஏதாவது வாங்கிச் சாப்பிடுவோம். நான் வளந்த வீட்ல மரம் வைக்கிற வழக்கம் இல்ல. இப்ப பையன் ஸ்கூல்ல…”

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது.

“மேடம்,” என்றார் காவலர். “நான் பேர் மட்டும்தான் கேட்டேன்.”

“நடீன் பர்விஸ்.”

“எத்தன மணிக்குச் சாப்பாடு?”

“இதுங்களுக்கு எப்ப பசிக்குதோ அப்ப.”

அவர் சிரித்துத் தடுப்புக் கம்பைத் தூக்கினார். “இடது பக்கம் நிறுத்துங்க. மொதல்ல ரொட்டி வீட்டக் காட்டிடுங்க. மத்தியானம் ஆச்சுன்னா கூட்டத்துல கிட்டவே போக முடியாது.”

ஓட்டலின் கூடத்தில் மரம் ஐந்து மாடி உயரத்துக்கு நின்றது. நடீன் தலையை அண்ணாந்து பார்த்தாள். உடம்பில் ஏதோ ஒன்று, டீச்சர் இப்போது வந்து கையைப் பிடித்து வெளியே அனுப்பிவிடுவார் என்று காத்திருந்தது. யாரும் வரவில்லை. பெட்ஸிதான் மரத்தைக் கண்டதும் வீல் என்று கத்தி அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்கருக்கு மரம் கண்ணிலேயே படவில்லை. கம்பிக்கூண்டு மாதிரி மேலும் கீழும் போய்வந்த பழைய பாணி லிஃப்ட்டைப் பார்த்து வாய் பிளந்தான். அதில் நாலு தடவை ஏறி இறங்கிய பிறகுதான் மற்றதைப் பார்க்கச் சம்மதித்தான்.

மரத்துக்குப் பக்கத்தில் இஞ்சி ரொட்டியால் கட்டிய வீடு. நிஜமாகவே ஆள் நிற்கும் அளவுக்குப் பெரியது. உள்ளே ஒரு பெண் நின்று ஜன்னல் வழியாக ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள். கூடம் முழுக்கக் கிராம்பும் வெல்லப்பாகும் கலந்த வாசனை. நடீன் காசு எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள், அழுகை அடங்கிய பெட்ஸி சுவரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அதை நக்கிக்கொண்டிருந்தாள்.

“ஐயோ, மன்னிச்சுடுங்க! பெட்ஸி, எடு வாய!”

ஜன்னல்காரி அசரவில்லை. “விடுங்கம்மா. தினம் ரெண்டு பேராவது நக்கிடறாங்க. நேத்து ஒருத்தர் நக்கினார், வயசு அறுபது இருக்கும்.”

அந்த நேரம் ஏதோ ஒரு பள்ளியின் பிள்ளைகள் சிவப்பு ஸ்வெட்டரில் வரிசையாக வந்து படிக்கட்டில் நின்று பாட ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு சுரத்திலேயே நடீனுக்குப் பாட்டு தெரிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள்.

ஆஸ்கர் அண்ணாந்து பார்த்தான். “ஏம்மா நீ பாடல?”

“வார்த்த தெரியாதுடா.”

“எனக்குத் தெரியும். ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. சொல்லவா?”

அவள் குனிந்தாள். அவன் அவள் காதில் கையைக் குவித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னான். அவன் சொல்லி அவள் பாடுவதற்குள் கூட்டம் அடுத்த வரிக்குப் போய்விடும். அரை வரி பின்தங்கியே பாட்டு முழுவதையும் பாடி முடித்தாள். முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு திரும்பிக்கொண்டார். ஆஸ்கரின் மூச்சு காதில் கூசியது. பாதி வார்த்தைகளை அவன் தப்பாகச் சொல்லிக் கொடுத்தான் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அங்கிருந்து மோனோரயிலில் அடுத்த ஓட்டல். தென்னையும் ஓலைக்கூரையுமாகத் தீவு மாதிரி இருந்தது. மரத்தின் கிளைகளில் கிளிஞ்சல் தொங்கியது. இதைப் பார்த்து பெட்ஸி கத்தவில்லை. “இது சின்ன மரம். இது நல்ல மரம்” என்று அதன் கிளையைத் தடவிக் கொடுத்தாள். காவலருக்குக் கொடுத்த வாக்கு நினைவில் இருந்ததால், பசி இல்லாதபோதும் நடீன் அங்கே அன்னாசி ஐஸ்கிரீம் வாங்கினாள். மூன்று பேர் சட்டையிலும் கொட்டிக்கொண்டார்கள்.

பிறகு படகு. ஏரிக்கு அந்தக் கரையில் பெரிய பெரிய மரக்கட்டைகளால் கட்டிய ஓட்டல். பாதி வழியில் பெட்ஸி காலை ஆட்டிக்கொண்டே வந்ததில் ஒரு ஷூ கழன்று தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச தூரம் மிதந்து கூடவே வந்தது.

“வண்டிய நிறுத்து!” என்று பெட்ஸி உத்தரவு போட்டாள்.

“இது நிக்காது ராணியம்மா,” என்றார் படகோட்டி. “இந்த ஏரியில ஒரு முதல இருக்கு. அதுக்கு ஒரு கால்தான், பாவம். அது போட்டுக்கட்டும்.”

பெட்ஸி அதை வெகுநேரம் யோசித்தாள். பிறகு மற்ற ஷூவையும் கழற்றப் போனாள். அதை நடீன் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

கட்டை ஓட்டலில் கணப்பு எரிந்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே ஏ.சி.யின் குளிரில் எல்லாரும் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடீன் ஒரு சாய்வு நாற்காலியில் விழுந்தாள். மடியில் பெட்ஸி தூங்கிவிட்டாள். பக்கத்து நாற்காலியில் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, பேச்சு பிடித்துப்போய்க் கேட்டாள்:

“உங்க வீட்ல பரிசெல்லாம் முந்தின நாளே பிரிச்சுடுவீங்களா, இல்ல கிறிஸ்துமஸ் காலையிலயா?”

நடீன் ஒரு நொடி தயங்கினாள். “காலையில,” என்றாள். அதை முடிவு செய்ததே அந்த நொடியில்தான்.

ஆஸ்கர் அவள் முட்டியில் தட்டினான். “நெஜமாவா?”

“ஆமா. காலையில.”

மூன்று மணி. பைக்குள் போன் அடித்தது. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. ஆனால் சனிக்கிழமை மூன்று மணிப் போனை அவள் இதுவரை எடுக்காமல் விட்டதில்லை.

“எங்க இருக்க?” என்றார் வெர்னா. “என்ன சத்தம் அது?”

மேல்மாடியில் யாரோ பியானோவில் பண்டிகைப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓட்டல்ல இருக்கோம்மா. பார்க் பக்கம். பசங்களுக்குக் கிறிஸ்துமஸ் மரம் காட்டக் கூட்டிட்டு வந்தேன்.”

இணைப்பு அறுந்துவிட்டதா என்று நடீன் பார்த்தாள். அறுபடவில்லை. லைவ் ஓக் வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகுவதுகூடக் கேட்டது.

“பெட்ஸிக்கு இருமல் விட்டுதா?”

“விட்டுடுச்சு. மடியில தூங்குறா.”

வெர்னா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

“பெருசா?”

“எது?”

“மரம்தான்.”

“மொதல் ஓட்டல்ல அஞ்சு மாடி ஒசரம்மா.”

“அஞ்சு மாடியா!” என்றார் வெர்னா. “அத யாரு தூசி தட்டுறது?”

நடீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடியில் குழந்தை அசைந்தது. சிரிப்பு கண்ணில் நீராக வந்து நிற்க, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்.”

“வீட்லயும் வைக்கப் போறியா?”

“ஆமாம்மா. வைக்கப் போறேன்.”

“அது இருக்கிற வீட்ல நான் தங்க முடியாது நடீன். அது உனக்கே தெரியும்.”

“தெரியும்மா. ஜனவரி பொறந்ததும் எடுத்துடுவேன்.”

“அப்ப ஜனவரியில வரேன்,” என்றார் வெர்னா. “பதினஞ்சுக்கு மேல. நல்லா எடுத்து முடிச்சப்புறம்.” வழக்கம்போல, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் சாமான் கடை வாசலில் மரம் விற்றார்கள். நடீன் தன் தோள் உயரத்துக்கு ஒன்றைக் காட்டினாள். கடைக்காரன் அதை வலையில் சுருட்டிக் காரின் கூரையில் கட்டிக் கொடுத்தான். விளக்கு எந்த நிறம் என்று கேட்டான். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டையும் வாங்கினாள். வேலை முடிந்து வந்த ரோலண்ட் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

“நேரா நிக்குதா?” என்றாள் நடீன்.

“கொஞ்சம் சாஞ்சிருக்கு.”

“எந்தப் பக்கம்?”

“எல்லாப் பக்கமும்,” என்றான். பிறகு தன் வேலைப் பெட்டியைத் திறந்து, ஏ.சி. குழாய் கட்டும் கம்பியால் அதை ஜன்னலோடு இழுத்துக் கட்டினான். கிறிஸ்துமஸ் காலையில் பரிசுகளைப் பிரித்தார்கள். ஆஸ்கருக்குக் கிடைத்தது லிஃப்ட் வைத்த பொம்மைக் கட்டடம். நடீனுக்கு யாராவது பரிசு வைத்திருப்பார்கள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ரோலண்ட் ஒரு போர்வை வாங்கியிருந்தான். பொட்டலத்தைப் பிரிக்கத் தெரியாமல், காகிதம் கிழியாதபடி ஒட்டுத்தாளை ஒவ்வொன்றாக உரித்தாள். பிள்ளைகளுக்குப் பொறுமை போய், “கிழிம்மா, கிழி!” என்று கத்தினார்கள்.

ஜனவரி பதினேழாம் தேதி வெர்னா பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு டப்பா நிறைய வீட்டில் செய்த பிஸ்கட், பெட்ஸிக்கு ஒரு ஜோடி புது ஷூ. நாலு நாள் இருந்தார். முதல் இரண்டு நாள் மரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை நடீன் பஸ் ஓட்டிவிட்டு வந்தபோது, வெர்னா சோபாவைத் தனியாளாக நகர்த்திவிட்டு, துடைப்பத்தோடு நின்றிருந்தார். முறத்தில் கிறிஸ்துமஸ் மரத்திலிருந்து உதிர்ந்து காய்ந்த ஊசியிலைகள் ஒரு கைப்பிடி இருந்தன. நடீன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இந்த ஊர்ல சோபாவுக்கு அடியிலதான் மரம் முளைக்குமா?” என்றார் வெர்னா.

“நல்லாப் பெருக்கினேன்னு நெனச்சேம்மா.”

“நீ எப்ப நல்லாப் பெருக்கியிருக்க?” முறத்தைக் குப்பைக் கூடையில் தட்டினார். “அந்தப் பக்கத்தப் பிடி. இந்த அலமாரியையும் நகத்தணும்.”

இருவரும் சேர்ந்து அலமாரியை நகர்த்தினார்கள். அதற்கு அடியிலும் கொஞ்சம் ஊசியிலை இருந்தது.