பென்சிலால் எழுதிய பிள்ளைகள்

போன சனிக்கிழமை மகள் மேசையில் புவியியல் கொப்பியை விரித்துவைத்து அட்டவணை போட்டுக்கொண்டிருந்தாள். பத்து நாடுகள், நான்கு கட்டங்கள்: பிறப்பு வீதம், இறப்பு வீதம், சிசு மரண வீதம், ஆயுள் எதிர்பார்ப்பு. வெளியே ஹட்டன் மழை விடாமல் கொட்டியது. ஏதோ ஓர் எண்ணைக் கட்டம் மாற்றி எழுதிவிட்டாள் போலிருக்கிறது, அழிரப்பரை எடுத்துத் தேய்த்தாள். ஸ்ட்ராபெரி வாசம் போட்ட ரப்பர். ஆனால் எந்த வாசம் போட்டாலும் அதற்கு அடியில் ரப்பர் சூடாகும் வாசம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது மூக்கில் ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“ஏம்மா மூஞ்ச அப்புடி வச்சிருக்கீங்க?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என்னைப் பற்றி வீட்டில் ஒரு கேலி உண்டு. கடைச் சாமான் பட்டியலைக்கூடப் பேனாவில்தான் எழுதுவேன். தப்பு வந்தால் குறுக்கே அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவேன். இவளை முதலாம் ஆண்டில் சேர்த்தபோதே பேனா வாங்கிக் கொடுத்து டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஏன் இப்படி என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன். உங்களிடம் மழுப்ப வேண்டியதில்லை.

இருபது வயதில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் ஏற வேண்டும். தோட்டத்தின் பெயர் வேண்டாம், விடுங்கள். வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மருந்து கொடுப்பது டிஸ்பென்சர் ஐயா. நான் போத்தல் கழுவி, கட்டுத்துணி மடித்து, புத்தகம் எழுதுகிறவள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் எனக்கு இல்லை. அந்தக் கையெழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வேறு.

டிஸ்பென்சரிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மகள் போட்டுக்கொண்டிருந்த அதே அட்டவணைதான், அச்சில். அதன் அடியில் ஐயா தோட்டத்தில் எங்கள் கீழ்ப்பிரிவுக்கென்று ஒரு வரி சேர்த்திருந்தார். நாடுகளுக்குக் கீழே, வரிசை வீடுகளான எங்கள் லயங்களும் ஒரு நாடு மாதிரி நின்றன. ஓய்ந்த நேரத்தில் எனக்குப் பாடம் நடக்கும்.

“ஆயிரம் புள்ள பொறந்தா அதுல எத்தன ஒரு வயசுக்குள்ள போயிருதுன்னு பாக்கணும். அப்பத்தான் பெரிய நாட்டையும் சின்ன நாட்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்.”

“நம்ம பிரிவுல ஆயிரம் புள்ள எங்கங்க ஐயா பொறக்குது?”

“அதுதான் பயமே. இங்க ஒண்ணு போனாலே நம்ம வீதம் கூரைக்கு ஏறிரும்.”

சிசுக்கள் அதிகம் சாகும் நாட்டில் ஆயுள் எதிர்பார்ப்பு தாழ்ந்துவிடும், அதற்காக அங்கே கிழவர்களே கிடையாது என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் அவர்தான் சொன்னார். நல்ல மனிதர். எங்கள் வரியில் சிசு மரணத்துக்கு நேரே சைபர் போட்டிருந்தார். போகிறபோதும் வருகிறபோதும் அந்தச் சைபரைப் பார்த்துக்கொள்வார்.

அந்தச் சைபர் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். அப்போது பாதை மோசம். லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதற்குள் லயத்திலேயே பல பிள்ளைகள் பிறந்துவிடும். பிறந்த பிள்ளைக்கு முப்பது நாள் பெயர் கிடையாது. முப்பத்தோராம் நாள் தலைக்குத் தண்ணீர் வார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். என் புத்தகத்தின் கடைசிக் கட்டம் இறப்பு, முதல் கட்டமோ பெயர். அதனால் பிறந்ததைப் பென்சிலில் குறித்துவைப்பேன். பெயர் வைத்த பிறகு வந்து சொல்வார்கள், அதன் மேலேயே பேனாவில் எழுதுவேன். யாரும் சொல்லிக்கொடுத்த முறையில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் புத்தகம் அழகாக இருக்கட்டும் என்று நானே கண்டுபிடித்தது.

அந்த முப்பது நாளுக்குள் பிள்ளை போய்விட்டால்?

பாக்கியம்தான் முதலில் கேட்டாள். கீழ் லயத்துக்காரி, என்னைவிட இரண்டு வயது இளையவள், கொழுந்தெடுப்பில் கெட்டிக்காரி. தலைப்பிள்ளை ஒன்பதாம் நாள் வயிற்றால் போய் இறந்திருந்தது. நனைந்த சேலையோடு வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. “பேரில்லாத புள்ளைய எழுத்துல வைக்காதீங்கக்கா. வச்சா அடுத்தத கூப்பிட்டுக்குமாம். அழிச்சிருங்க” என்றாள். அவள் கண் முன்னாலேயே அழித்தேன். ரப்பர் சூடாகி வாசம் வந்தது. தூளை ஊதிவிட்டு, பாரு சுத்தமாயிருச்சு என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் வேறு சிலரும் வந்தார்கள். மறு வருஷம் பாக்கியமே இன்னொரு தரம் வந்தாள். ஐயாவுக்கும் தெரியும். பிறந்ததையும் எடுத்துவிடு, இறந்ததையும் எழுதாதே, புத்தகம் குழம்பாது என்றார். எத்தனை தடவை அழித்தேன் என்று நான் எண்ணவில்லை. அழித்த ஒன்றை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

ஒரு மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஏதாவது ஒரு பிரிவுக்குத் தண்ணீர்த் தாங்கி கட்டிக் குழாய் கொடுக்கப் போகிறார்கள். எந்தப் பிரிவுக்கு என்று தீர்மானிக்கப் புத்தகங்களைப் பார்த்தார்கள். எங்கள் சைபரைப் பார்த்துப் பாராட்டினார்கள். என் கையெழுத்தைப் புகழ்ந்து ஒரு பேனா பரிசு தந்தார்கள். தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும் பரிமாறினேன். குழாய், சிசு மரணம் எழுதியிருந்த மேல்பிரிவுக்குப் போயிற்று. கீழ் லயத்துக்காரர்கள் பழையபடி பீலியில்தான் பிடித்தார்கள். பீலி தெரியும்தானே, மலை ஊற்றைத் தகரத்தில் வழியவிட்டு விழவைப்பது. அந்த ஊற்றுக்கு மேலேதான் அதற்கு மூன்று வருஷம் முன்பு, சுகாதாரத்துக்கென்றே, வரிசையாகக் கக்கூஸ் குழிகள் வெட்டியிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் பாக்கியம் வந்தாள். வயிற்றில் ஏழு மாதம்.

“எங்க லயத்துக்கு ஏங்க்கா தண்ணி தரல?”

“நம்ம பிரிவுல புள்ளைங்க சாகலையே பாக்கியம். செத்த எடத்துக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க.”

அவள் குரலில் கோபம்கூட இல்லை. “அப்ப என்னோடது ரெண்டும் எங்கக்கா?” என்றாள்.

அவள் போனதும் புத்தகத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். நான் அழுத்தி எழுதுகிறவள். பென்சில் போயிருந்தாலும் பள்ளம் போகவில்லை. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். ஏழு பள்ளம். ஏழும் கீழ் லயம். ஏழும் குழி வெட்டியதற்குப் பிறகு. பிறந்த பிள்ளையின் வாயில் முதலில் சீனித்தண்ணியைத் தொட்டுவைப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஐயாவிடம் காட்டினேன். சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். “அனுப்புனது அனுப்புனதுதான் புள்ள. இப்ப மாத்துனா ரெண்டு பேருக்கும் வேல போயிரும்” என்றார். என் வீட்டில் என் சம்பளத்தை நம்பி நான்கு பேர். நானும் பேசாமல் வந்துவிட்டேன். லயம் லயமாகப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று மட்டும் சொன்னேன். அந்த மழையில் சோறு வேகவே காய்ந்த விறகு கிடையாது.

பாக்கியத்துக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் ஆள் சொல்லி அனுப்பி என்னைப் புத்தகத்தோடு வரவழைத்தாள். அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் புகையும் பால் வாசமுமாக இருந்தது. பிள்ளை கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

“பேனாவுல எழுதுங்கக்கா.”

“இன்னும் பேரு வைக்கலையே.”

“பேரு வேணாம். பாக்கியத்தோட புள்ளன்னு எழுதுங்க. கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போகட்டும், பேனாவுலயே எழுதுங்க.”

பரிசுப் பேனாவால் எழுதினேன். அன்றிலிருந்து தினம் காலையில் அந்த வரியைப் பார்ப்பேன், நாளை எண்ணுவேன். பத்து தாண்டியது. பதினைந்து தாண்டியது. வழியில் கீழ் லயத்துக்காரர் யாரையாவது கண்டால் வாயைப் பார்ப்பேன், என்ன சொல்லப்போகிறார்களோ என்று. பத்தொன்பதாம் நாள், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு கலைகிற நேரத்தில் பாக்கியமே நடந்து வந்தாள். இந்த முறை உள்ளே வந்தாள். “கடைசிக் கட்டத்துலயும் எழுதுங்க” என்றாள். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒன்றில் எங்கள் வீதம் ஐயா சொன்னபடியே கூரைக்கு ஏறிற்று. அடுத்த மாதமே ஆட்கள் வந்து பீலித் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பீலியை மூடினார்கள், குழாய் வந்தது. முன்னமே நான் பேனாவில் எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் வந்திருக்கும். பாக்கியம் ஒரு நாளும் இதை என்னிடம் சொல்லவில்லை. அடுத்த வருஷம் புருஷனோடு தோட்டத்தை விட்டுப் போய்விட்டாள். நல்லதண்ணி ஊரில் யாத்திரைக் காலத்துச் சீசன் கடை போட்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். தேடிப்போனேன், இல்லை.

“அம்மா, நம்ம நாட்டுக்குச் சிசு மரணம் எவ்வளவு கொறைவா இருக்கு பாருங்க. நல்லதுதானே?” என்றாள் மகள். நல்லதுதான், பொய்யில்லை. ஆனாலும் என் கை தன்பாட்டில் கொப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தது. “அங்க ஒண்ணும் இல்லம்மா, அழிச்சிட்டேன்” என்றாள்.

இன்றைக்கு அந்த டிஸ்பென்சரி இல்லை. மூடிப் பல வருஷமாயிற்று. ஐயா இல்லை. கீழ் லயம் இருந்த மேட்டில் மண் வெடித்து, ஆட்களை எழுப்பி வேறிடத்தில் விட்டிருக்கிறார்கள். போன வருஷம் போய்ப் புத்தகத்தைக் கேட்டேன். அலுமாரியோடு கறையான் தின்றுவிட்டது என்றார்கள். பேனாவில் எழுதிய பிள்ளையாவது எங்கோ ஒரு வீதத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருக்கும். மற்ற ஏழும் அந்தத் தாளில் மட்டும்தான் இருந்தன.