எட்டு எண்ணிக்கை மௌனம்

காசு வாங்காமல் வாத்தியம் வாசிக்கிறவனுக்கு ஊரில் கிடைக்கிற முதல் பட்டம் 'வேலையத்தவன்'. இரண்டாவது பட்டத்தை அச்சில் போட முடியாது. சங்கம், மன்றம், நாடகக் குழு என்று எதையாவது ஆரம்பித்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்த புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

கொள்கை விளக்கம்

தொண்ணூறுகளின் தொடக்கம். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு டுடோரியல் வகுப்பறையில் பதினோரு பேர் கூடினோம். நான் கல்லூரி ஒன்றில் லேப் அசிஸ்டென்ட். கிளாரினெட் ஊதுவேன், குழுவின் செயலாளரும் நானே. மின்வாரிய கிளார்க் துளசிராம் அண்ணன் தலைவர், வயலின். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியே எங்களையே தோற்கடிக்கிற மதுரைத் தமிழ். குழு நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணன் எழுதினார்: 'ஊரில் யாரும் சேரலாம். சினிமாப் பாட்டு கிடையாது. பாடகர் கிடையாது. கட்டணம் கிடையாது. நாமே அமைத்ததை நாமே வாசிப்போம்.'

அப்படி அண்ணன் அமைத்தது ஒரே ஒரு உருப்படி. பத்து நிமிஷம். எல்லா வாத்தியமும் ஏறி ஏறிப் போய் நடுவில் சட்டென்று நிற்கும். எட்டு எண்ணிக்கைக்குச் சத்தமே இருக்காது. அதற்கப்புறம் அவர் வயலின் மட்டும் தனியாக, மெல்லத் தொடங்கும். முதல் ஒத்திகையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய்யில்லை. அது முழுவதையும் வாசலில் நின்று கேட்ட டீக்கடைக்காரர், காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சரிண்ணே, பாடுறவரு எப்ப வருவாரு?"

பரவையில் பாதி

பரவையில் காய்கறி வியாபாரிகளின் ஆண்டு விழா. முன்வரிசையில் அண்ணனின் மனைவி சரோஜா அக்கா. அந்த உருப்படியை வீட்டில் வயலினில் துண்டு துண்டாகக் கேட்டே அவருக்கு மனப்பாடம். எல்லா வாத்தியத்தோடும் முழுசாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஒத்திகைக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், "மேடையிலேயே கேட்டுக்கிறேன்" என்பார். அண்ணன் அதை அமைத்ததே அக்காவுக்காகத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வாசிப்பில் ஏறி ஏறிப் போய்ச் சட்டென்று நின்றோம். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் படபடவென்று கைதட்டல்! அறிவிப்பாளர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடித்து, குலுக்கல் பரிசை ஆரம்பித்துவிட்டார். அண்ணன் தூக்கிய வில்லோடு அப்படியே நின்றார். "யோவ், பாதிதான்யா முடிஞ்சிருக்கு" என்று நான் குதித்தேன். அந்த மனுஷன் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "மிச்சத்தை அடுத்த வருசம் வாசிங்கண்ணே, நாங்க எங்க போயிறப் போறோம்?"

பொன்னாடை

டி. கல்லுப்பட்டியில் ஒரு நூலகத் திறப்பு விழா. பட்ட புத்தி இருக்கிறதே, தொடங்கும்முன் மைக்கில் கெஞ்சினேன்: "நடுவுல நிறுத்துவோம், தயவுசெஞ்சு கைதட்டிராதீங்க." ஒருத்தரும் தட்டவில்லை. ஆகா, படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று பூரித்துப்போனேன். நாலாவது எண்ணிக்கையில் விழாக் குழு மேடையேறியது. வரிசையாகப் பொன்னாடை. அண்ணனை வயலினோடு சேர்த்து மூடிவிட்டார்கள். பின்னாலேயே சிறப்பு விருந்தினர் பேச்சு, அதற்குப் பின்னால் நாட்டுப்பண். அது முடிந்ததும் முன்வரிசையில் இருந்த அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்.

கிளம்பும்போது விழாப் பொறுப்பாளரைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் நிஜமாகவே மனம் நொந்துபோனார்: "வாசிக்கையில போத்துனா மரியாதை இல்லேன்னுதானே சார், நீங்க நிப்பாட்டுற வரைக்கும் கையில வச்சுக்கிட்டு நின்னோம்!"

நான் செய்த நல்ல காரியம்

வருஷங்கள் ஓடின. எந்த ஊருக்குப் போனாலும் இதே கூத்து. பதினோரு பேர் ஆறு பேரானோம். மாண்டலின் வாசித்த டெய்லர், "பாதிப் பாட்டுக்கு எதுக்குண்ணே முழு ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டுவிட்டுப் போனார். "அண்ணே, அந்த எட்டு எண்ணிக்கையைத் தூக்கிருவோம். இல்லேன்னா கடைசியில நீங்களும் நானும்தான் இருப்போம்" என்றேன். அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் விட்டிருப்பேன். "மாப்ள, மத்த அம்புட்டும் அந்த எட்டுக்காகத்தான் வாசிக்கிறோம்" என்றார்.

விடுவேனா நான்? மூன்று வாரம் நச்சரித்தேன். மௌனம் இருந்த இடத்தில் தபேலாவை உருட்டச் சொன்னேன். யாரும் உள்ளே புகுந்துவிடாதபடி வேகத்தையும் கூட்டினேன். தனி வயலின் வருகிற இடத்தில் எல்லோரையும் சேர்ந்து வாசிக்க வைத்தேன். அண்ணன் ஸ்வரம் எழுதின நோட்டை எடுத்து, அந்த எட்டு எண்ணிக்கையைத் தன் கையாலேயே பென்சிலால் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்: "இம்புட்டு போதுமா மாப்ள, இன்னும் எதையாச்சும் அடிக்கணுமா?"

முழு உருப்படி

அண்ணன் ரிட்டயர் ஆகிற வருஷம். எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்க விழா, கல்யாண மண்டபம் ஒன்றில். வாசித்தோம். சாமி சத்தியமாக, முதலிலிருந்து கடைசி வரை! நடுவில் ஒருத்தரும் தட்டவில்லை, மைக்கைப் பிடுங்கவில்லை, எதையும் போர்த்தவில்லை. முடிந்ததும் விசில் பறந்தது. சங்கத் தலைவர் மேடையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் இல்லை. அண்ணன் மட்டும் வயலினைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரோஜா அக்கா மேடைப் படிக்கட்டு வரை வந்துவிட்டார். நான் முந்திக்கொண்டு ஓடி, "எப்பிடிக்கா இருந்துச்சு?" என்றேன். அக்கா சிரித்த முகமாகவே சொன்னார்: "நம்ம பாட்டுச் சாயல்ல ஒண்ணு வாசிச்சீங்களே, நல்லாருந்துச்சு தம்பி. நம்ம பாட்டை எப்ப எடுப்பீங்க? அவரு அதுக்குள்ள பெட்டியை மூடுறாரே?"

அண்ணன் காதிலும் அது விழுந்தது. அவர் தலை நிமிரவில்லை. அடுத்த ஞாயிறு ஒத்திகைக்கு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். காபி கொடுத்தார், மின்வெட்டைப் பற்றிப் பேசினார், வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

ஆக, குழு கலைந்துவிடாமல் காப்பாற்றிய பெருமை முழுக்க எனக்குத்தான்; வாசிக்கத்தான் உருப்படியும் இல்லை, அதை அமைத்தவரும் இல்லை.