பரலோகத்து நைனா

எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவள் நான். டச்சுக்காரர் கோட்டைக்கு அருகே இருந்த பள்ளியில் ஜெபத்தைத் தப்பில்லாமல் படிப்பவள் என்ற பெருமையும் எனக்கு உண்டு.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். ஏரியில் கையால் துழாவி இறால் பிடிக்கும் அவர் உள்ளங்கையில் ஒருநாள் கெளுத்தி முள் குத்தியது. கை வீங்கி, விரல்கள் மடங்கவில்லை. ஆறும்வரை தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் வைத்தியர். நைனா மறுநாளே இறங்கி, காய்ச்சலோடு திரும்பினார். அந்தக் கை போனால் எங்களுக்குப் பிழைப்பில்லை.

பிற்பகலில் ஏரியின் வெளிச்சம் கூரைக்கு அடியில் மெல்ல அலைந்துகொண்டிருந்தது. அவர் பக்கத்தில் ஜெபிக்கக் கண்மூடி உட்கார்ந்தேன். பள்ளியில் படித்த ‘பிதாவே’ வாயில் வரவில்லை.

"பரலோகத்துல கீற நைனா" என்றேன்.

"இன்னாம்மா, அதுக்குள்ள என்ன அங்க அனுப்பிட்டியா?" என்றார், படுத்தபடியே.

"உன்ன இல்ல நைனா, ஆண்டவர."

"அவர நைனானு கூப்டலாமா?"

"பள்ளியில பிதானு சொல்லித் தராங்க. பிதான்னா நைனாதான்."

"அந்த நைனா சொன்னா நீ கேப்பியா?"

"கேப்பேன். இந்த நைனாதான் வைத்தியர் சொன்னாகூடக் கேக்கமாட்டாரு."

அவர் சிரித்தார். வீங்கிய கையை என் மடியில் வைத்தார். கை ஆறும்வரை ஏரிப் பக்கமே போகவில்லை.

பல நாள் கழித்து, ஜெபத்தில் கண்மூடியிருந்தபோது யாரோ என் பின்னலை இழுத்தார்கள். நைனாதான். பின்னலைப் பற்றிய அந்தக் கையில் ஐந்து விரலும் மடங்கியிருந்தன.