ரதோய்கா வாசித்த படங்கள்

செர்பியாவின் வால்யெவோ ஊர்ப் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில், பணி ஓய்வு பெறும்வரை ரதோய்காவின் குரல்தான். எந்த வண்டி, எந்த நடைமேடை, எவ்வளவு தாமதம் என்று எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிப்பார். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதற்கெல்லாம் வீட்டில் வட்டியும் முதலுமாக ஈடுகட்டிக்கொண்டார்.

கணவர் திஹோமிர் லாரி ஓட்டியவர். கண்ணின் நடுவில் பார்வை மங்கியபோது, வெளிநாட்டுப் படங்களுக்கு அடியில் ஓடும் செர்பிய வரிகள் அவருக்கு எறும்பு வரிசையாகிவிட்டன. ரதோய்கா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். முதல் படத்திலேயே ஒரு மருத்துவர் நோயாளியிடம், இனிப் பார்வை திரும்பாது என்றார். அதை எந்த வாயால் வாசிப்பது?

"சொட்டு மருந்து விடு, சரியாயிரும்" என்று வாசித்துவிட்டார்.

பிறகு நாக்கு பழகிவிட்டது. சாக வேண்டியவர்கள் வியன்னாவுக்கு வேலைக்குப் போனார்கள். கெட்ட வார்த்தைகள் மழையைப் பற்றிய பேச்சாயின. கள்ளக்காதலர்கள் தூரத்துச் சொந்தமானார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்ரேத்தன் ப்ரொஜெக்டரோடு வந்து நின்றார். இவர்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர்; அந்த உறவுக்குக் கூம் என்று பெயர், பெண்ணானால் கூமா. கூடப் பிறந்தவனை மறுத்துப் பேசலாம், கூமை மறுக்க முடியாது.

"கூமா, இனி உன் தொண்டைக்கு லீவு! ஒவ்வொரு எழுத்தும் ரொட்டி மாதிரி தெரியும். இவனே படிச்சுக்குவான்."

திஹோமிரே படித்தால் ரதோய்காவின் குட்டு உடைந்துவிடுமே.

"எந்தச் சுவத்துல? கிழக்குச் சுவத்துல நம்ம புனித நிக்கோலா படம் இருக்கு. அவரை நகத்த விடமாட்டேன்."

"யாரு நகத்துறா? அவரு மேல, சினிமா கீழ. பால்கனி சீட்டே அவருக்குத்தான்."

"சுவத்துல பூப்போட்ட தாள் ஒட்டியிருக்கு."

"வெள்ளை விரிப்பு குடு."

"எல்லாம் கசங்கிக் கிடக்கு."

"இஸ்திரிப் பெட்டியை எடு, நானே தேச்சுக்கறேன்."

தேய்த்தார். விறைப்பாக இழுத்துக் கட்டினார். திரைச்சீலைகளை மூடி விளக்கை அணைத்ததும் சுவரில் வெளிச்சம் விரிந்தது. படம் தாழ்ந்து, அடிப்பகுதி இழுப்பறை அலமாரியில் விழுந்து உடைந்தது.

"பாத்தியா? எழுத்தே வராது. வேலைக்கு ஆகாதுப்பா." ரதோய்காவின் குரலில் சந்தோஷம் வழிந்தது.

ஸ்ரேத்தன் ப்ரொஜெக்டரின் முன்காலைத் திருகி உயர்த்தினார். படம் மேலேறியது, ஆனால் தலை அகன்று கால் குறுகிப் போனது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். நான்கு மூலையும் நேரானது. ரதோய்காவிடம் இனிச் சாக்கு எதுவும் பாக்கியில்லை.

"எந்தப் படம்டா போடட்டும்?"

"அந்தக் கப்பல்காரன் படம்" என்றார் திஹோமிர். "அவன் பொண்டாட்டி அக்காவைக் கவனிச்சுக்கப் போவாளே, அது. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம்."

அக்கா என்று ஒருத்தி அந்தப் படத்தில் கிடையவே கிடையாது.

திஹோமிர் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார். தலையைச் சற்றே சாய்த்து, ஓரக்கண்ணால் எழுத்தைப் பிடித்தார். முதல் வரியைப் பள்ளிப் பிள்ளைபோல் எழுத்துக்கூட்டினார். பத்தாவது வரியில் வேகம் வந்துவிட்டது. ரதோய்கா மடியில் கையைப் பிசைந்தபடி காத்திருந்தார். கப்பல்காரனின் மனைவி பையோடு வாசலில் நிற்கும் காட்சி வந்தது.

"சமையல்காரனோட போறேன். தேடாதே" என்று திஹோமிர் வாய்விட்டுப் படித்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார். "அக்காவுக்கு உடம்புக்கு முடியலன்னியே?"

"எந்த அக்கா?" என்றார் ஸ்ரேத்தன்.

சுவரில் கப்பல்காரன் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சத்தம்!" திஹோமிர் தொடையில் அடித்துக்கொண்டார். "அக்காவுக்குக் காய்ச்சல்னா இவன் ஏன் இத்தனை தட்டை உடைக்கறான்னு நானும் மண்டையைப் பிச்சுக்கிட்டேன்டா!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. ஸ்ரேத்தன் முதுகில் தட்டினார்.

"மத்த படத்துலயும் இதே கைவரிசைதானா?" என்று திஹோமிர் மனைவியைக் கேட்டார்.

"சிலதுல."

"எத்தனை சிலது?"

"எல்லாத்துலயும்" என்றார் ரதோய்கா.

"அப்போ எல்லாப் படத்தையும் முதல்லேர்ந்து பாக்கணும். பாத்ததெல்லாம் புதுப்படம்! ஸ்ரேத்தா, குளிர்காலம் முழுக்கக் கவலையே இல்லடா." அவர் மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

ரதோய்காவும் பார்த்தார். இத்தனை வருடமும் அவர் கண் அடிவரியைவிட்டு மேலே போனதில்லை. இப்போதுதான் சமையல்காரனின் முகத்தை முழுசாகப் பார்க்கிறார்.

"இவன் இவ்வளவு லட்சணமா இருப்பான்னு தெரியாமப் போச்சே. அவ போனதுல தப்பே இல்ல."

"கொஞ்சம் பேசாம இரு ரதோய்கா," என்றார் திஹோமிர். "எழுத்து ஓடிருது."